ஸ்போக் கம்பியும் பழைய செருப்பும் போதும்: உடைந்த விமானம் மறுபடி பறக்கும்!

திருச்சி—

பெரிய விமானம் விழுந்தால் பத்திரிகையில் தலைப்புச் செய்தி. சின்ன விமானம் விழுந்தால் அப்பாவின் சட்டைப் பையில் ஓட்டை!

ரேடியோ மூலம் இயக்கும் மாதிரி விமானத்தைத்தான் சொல்கிறோம். கையில் ஒரு பெட்டி. அதில் இரண்டு குச்சி. குச்சியை அசைத்தால் ஆகாயத்தில் விமானம் ஏறும், இறங்கும், திரும்பும். பார்க்கப் பரவசமாக இருக்கும். ஆனால் பழகுகிற காலத்தில் அது பறக்கிற நேரத்தைவிடப் பழுது பார்க்கிற நேரம்தான் அதிகம்.

"அப்பா, ஐந்நூறு ரூபா வேணும்பா."

"எதுக்குடா?"

"விமானம் விழுந்துடுச்சு."

"போன வாரம்தானேடா விழுந்துச்சு?"

"அது மூக்கு. இது வாலு."

இந்தப் பேச்சு நடக்கிற வீடுகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை. அந்த ஐந்நூறு ரூபாயில் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டியதே இல்லை. உடைந்த பாகங்களில் பாதிக்கு மேல் வீட்டிலும், தெருமுனை சைக்கிள் கடையிலும் கிடைக்கிற சாமானால் செய்துகொள்ளலாம். ஆனால் இரண்டொரு பாகங்களில் மட்டும் சிக்கனம் பார்த்தால் விரல் போகும், வீடு எரியும். எது எது என்று கடைசிவரை படியுங்கள்.

கணக்கைப் பாருங்கள்

பழகுபவர்கள் வைத்திருக்கும் சாதாரண விமானத்தில் ஒரு மின் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, வாலையும் இறக்கை மடிப்பையும் அசைக்கும் சின்னச் சின்ன சர்வோ மோட்டார்கள், ஒரு பாட்டரி இருக்கும். மோட்டார் நானூறு, ஐந்நூறு ரூபாய் வாக்கில். ஒன்பது கிராம் எடையுள்ள சர்வோ நூறு, நூற்றைம்பது. பாட்டரி ஆயிரத்தைத் தாண்டும். கையில் பிடிக்கும் பெட்டிதான் எல்லாவற்றையும்விட விலை கூடியது. நல்லவேளை, அது கீழே நிற்பதால் உடைவதில்லை!

மற்றதெல்லாம் சில்லறைச் சாமான்கள். கொம்பு, கீல், தள்ளுகம்பி, சக்கரம், இறக்கை. அடிக்கடி உடைவது இவைதான். வெளியூரிலிருந்து வரவழைத்தால், பாகம் இருபது ரூபாய், கூரியர் கூலி எண்பது ரூபாய் என்று ஆகிவிடும். பார்சல் வரும்வரை விமானம் பரண் மேலே தூங்கும். பையனின் ஆசையும் சேர்ந்து தூங்கிவிடும்.

பொன்மலைக்குப் புதிதல்ல

பழுது பார்ப்பதும் பாகம் செய்வதும் திருச்சிக்குப் புதிதா என்ன? பொன்மலை ரயில்வே பணிமனை 1928-ல் வந்தது. இரண்டாவது உலகப் போர் நடந்தபோது பிரிட்டிஷ் விமானப் படையின் போர் விமானங்களுக்கும் அங்கே பழுது பார்த்திருக்கிறார்கள். திருவெறும்பூரில் 1965-ல் 'பெல்' தொழிற்சாலை தொடங்கியது. அதைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளுக்குக் கணக்கில்லை. இரும்பைக் காட்டினால் அதில் என்ன செய்யலாம் என்று யோசிக்கிற ஊர் இது.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காகப் பத்து நாள் காத்திருப்பதா?

மிக்ஸி சொல்லும் பாடம்

பாகம் செய்வதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிய வேண்டும். அது உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது.

மிக்ஸி ஜாரின் அடியில் கறுப்பாக ஒரு கப்ளர் இருக்கிறதே, அது ஏன் அடிக்கடி தேய்ந்து உடைகிறது? ஜார் இறுகிக்கொண்டால் மோட்டார் புகைய வேண்டும். அதற்கு முன்னால் கப்ளர் உடைந்துவிடும். சில ரூபாய்ச் சாமான் செத்து, சில ஆயிரம் ரூபாய்ச் சாமானைக் காப்பாற்றுகிறது. ஃபியூஸ் கம்பியும் அப்படித்தான்.

விமானத்திலும் இதே தர்மம்தான். இறக்கையை உடலோடு ஸ்குரூ போட்டு இறுக்கினால், தரையில் மோதும்போது இறக்கையும் போகும், உடலும் போகும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் மோதியவுடன் இறக்கை கழன்று ஒதுங்கிக்கொள்ளும். எடுத்து மறுபடி மாட்டினால் தீர்ந்தது! காற்றாடியையும் சின்ன ரப்பர் வளையத்தால் மோட்டாரோடு பிடித்துவைக்கலாம். மண்ணில் இடித்தால் அது மடங்கிக்கொடுக்கும். மோட்டாரின் தண்டு வளையாது.

ஆகவே வீட்டில் பாகம் செய்பவர்கள் "உடையவே உடையாத" பாகம் செய்ய ஆசைப்படக் கூடாது. மலிவான பாகம் முதலில் உடைய வேண்டும். அதுதான் கெட்டிக்காரத்தனம்.

சைக்கிள் கடையில் விமானச் சாமான்

சைக்கிள் கடைக்குப் போய், "விமானத்துக்கு ஸ்பேர் வேணும்" என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஸ்போக் கம்பி நான்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள இந்தக் கம்பியை 'ப' மாதிரி வளைத்தால், தரையில் இறங்குவதற்கான கால் தயார். கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சட்டென்று உடையாது. வளைந்தால் குறடு வைத்து நிமிர்த்திக்கொள்ளலாம். ஸ்போக் நுனியில் மரை இருக்கிறது. அதில் மாட்டும் நிப்பிளையும் சேர்த்தால், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகம்பியாகவும் உதவும். சின்ன விமானத்துக்கு ஸ்போக் கனம் அதிகம். அதற்கு ஒரு மில்லிமீட்டர் எஃகுக் கம்பி போதும். மெல்லிய கம்பி நடுவில் வில்லாக வளைந்துகொண்டு வாலைத் தள்ளாமல் ஏமாற்றும். தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபில்லைக் கழுவி, அதற்குள்ளே கம்பியை விட்டு, ரீஃபில்லை உடலோடு ஒட்டிவிடுங்கள். கம்பி வளைய இடம் இருக்காது.

சக்கரத்துக்கு? அறுந்துபோன ரப்பர் செருப்பு! ஒரு தகரக் குழாயின் விளிம்பைக் கூராக்கி, செருப்பின் மேல் வைத்து அழுத்தித் திருகினால் வட்டம் வட்டமாக வரும். நடுவில் ரீஃபில் துண்டைச் செருகினால் அச்சில் வழுக்கிச் சுற்றும். கடைச் சக்கரத்தைவிட எடை குறைவு. தரையில் துள்ளுவதும் இல்லை.

இதையெல்லாம் கேட்டு யாராவது கேலி செய்தால் ரைட் சகோதரர்கள் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள்தான் அவர்கள். 1903-ம் ஆண்டு கடைசியில் விமானம் தயார். ஆனால் காற்றாடியைச் சுழற்றும் தண்டு விரிசல் விட்டது. தம்பி ஆர்வில் ஊருக்குத் திரும்பிப் போய், கெட்டி எஃகில் புதுத் தண்டு செய்து எடுத்துக்கொண்டு வந்தார். சங்கிலிச் சக்கரம் கழன்று கழன்று தொல்லை கொடுத்தது. அதற்குச் சைக்கிள் டயர் ஒட்டும் பசையைப் போட்டுச் சரிசெய்தார்கள். டிசம்பர் 14-ந் தேதி ஓட்டிப் பார்த்தபோது முன்பக்கம் உடைந்தது. அதையும் பழுது பார்த்தார்கள். 17-ந் தேதி விமானம் 12 விநாடி பறந்தது. உலகமே மாறிவிட்டது!

முக்கொம்பு தெரியும், இந்தக் கொம்பு தெரியுமா?

விமானத்தில் "கொம்பு" என்று ஒரு பாகம் உண்டு. வாலின் அசையும் பகுதியில் முக்கோணமாக நிற்கும் சின்னத் துண்டு. தள்ளுகம்பி இதில்தான் மாட்டும். இது கழன்றால் விமானம் யார் சொல்வதையும் கேட்காது.

காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்றை எடுங்கள். கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டுங்கள். ஊசியைச் சூடாக்கி மூன்று ஓட்டை போடுங்கள். இரண்டு துண்டை ஒட்டினால் இன்னும் உறுதி. ஒரு கார்டில் ஏழெட்டுக் கொம்பு வரும். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் ஹைலம் தகட்டில் செய்தால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

செய்கிறவர்கள் அதிகம் தவறுவது ஒரே இடத்தில்தான். கொம்பின் ஓட்டை, கீல் மடிகிற கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். முன்னே பின்னே தள்ளி இருந்தால் வால் மேலே போகும் அளவும் கீழே போகும் அளவும் ஒன்றாக இராது. விமானம் ஒரு பக்கம் சொல்பேச்சு கேட்கும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும்.

கீலுக்குத் தனியாகச் செலவே வேண்டாம். தெர்மோகோல் விமானத்துக்கு நார் உள்ள டேப் போதும். பலகை வால் என்றால் நைலான் நூலை எட்டு வடிவத்தில் தைத்துவிடலாம். தாத்தா காலத்துக் கட்டுதான். இன்றைக்கும் தோற்றதில்லை.

இறக்கையைக் கரைத்த பசை

புது டி.வி. வந்த பெட்டியில் கிடைக்கும் தெர்மோகோல் இறக்கைக்கு ஆகும். ஆனால் ஒட்டும்போது கவனம். சட்டென்று ஒட்டும் ஃபெவிக்விக் வகைப் பசை சாதாரண தெர்மோகோலைக் கரைத்துவிடும். செருப்புத் தைக்கிறவர்கள் பூசும் ரப்பர் பசையும் அப்படியே. இறக்கையில் எலி கடித்த மாதிரி ஓட்டை விழும். வெள்ளை ஃபெவிகால் அல்லது இரண்டு டியூப் கலக்கும் அரால்டைட் நல்லது. ஃபெவிகால் காய ஒரு ராத்திரி ஆகும். பையன் பொறுக்க மாட்டான். அப்பாதான் பொறுக்கச் சொல்ல வேண்டும்.

உடைந்த இறக்கையை ஒட்டும்போது வெறும் பசையை நம்ப வேண்டாம். கீறி, உள்ளே ஒரு மூங்கில் குச்சியைப் பதித்து ஒட்டினால், பழைய இறக்கையைவிட அந்த இடம் பலமாகிவிடும். மேலே ஒரு சுற்று பார்சல் டேப்.

சூட்டுக் கம்பியால் தெர்மோகோலை வெட்டுகிறவர்கள் 12 வோல்ட் பாட்டரியில்தான் வெட்ட வேண்டும். வீட்டுக் கரண்டில் நேராகக் கம்பியைச் செருகிச் சோதனை செய்யக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

வால் கனத்தால் வம்பு

ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பசைக்கும் எடை உண்டு. வாலில் ஒரு கிராம் கூடினால், அதைச் சமன் செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் வைக்க வேண்டிவரும். ஏனென்றால் வால் தூரத்தில் இருக்கிறது. தராசுக் கோலில் எடைக்கல்லைத் தள்ளி வைக்கிற கணக்குத்தான்.

ஒவ்வொரு முறை பழுது பார்த்த பிறகும் இரண்டு விரல் நுனியால் இறக்கையின் அடியில் தாங்கிப் பாருங்கள். நேரான இறக்கை 20 சென்டிமீட்டர் அகலம் என்றால், முன் விளிம்பிலிருந்து ஐந்து, ஆறு சென்டிமீட்டரில் விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் தொங்கினால் பறக்கவிடாதீர்கள். வால் கனத்த விமானம் மேலே எகிறும், நிற்கும், தலைகுப்புற விழும். ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்து ஐந்நூறு ரூபாயை இழந்த கதை ஆகிவிடும்.

இங்கே கஞ்சத்தனம் கூடாது!

சிக்கனம் பார்க்கக் கூடாத முதல் சாமான், காற்றாடி.

பத்து அங்குலக் காற்றாடி நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்றுச் சுற்றினால், அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 380 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. விரிசல் விட்ட காற்றாடியைப் பசை போட்டு ஒட்டி ஓட்டினால், அந்த ஒட்டு எந்த நொடியில் பிய்யும் என்று யாருக்கும் தெரியாது. பிய்ந்த துண்டு கண்ணில் பட்டால் கண் போயிற்று. விரிசல் விட்டதை இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் உடைக்கச் சொல்கிறோம்.

புதுக் காற்றாடியையும் அப்படியே மாட்டக் கூடாது. இரண்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, நடுவே ஊசியில் காற்றாடியைக் கோத்துத் தாங்க வையுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் மறு பக்கத்தில் சின்னதாக டேப் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக நின்றால் நடுக்கம் இராது. நடுக்கம் இல்லாவிட்டால் மோட்டாரும் பிழைக்கும், ஒட்டிய பாகங்களும் பிழைக்கும். வீட்டில் மோட்டாரைச் சோதிக்கிறவர்கள் காற்றாடியைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது சாமான், பாட்டரி. இப்போது வரும் லித்தியம் பாட்டரி கைக்கு அடக்கமாக இருக்கும், கோபம் வந்தால் தீப்பந்தம். விழுந்து நசுங்கியதோ, தலையணை மாதிரி உப்பியதோ, மறுபடி சார்ஜ் போடக் கூடாது. பிரித்து ஒட்டிப் பார்க்கவும் கூடாது. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

சர்வோ விஷயத்தில் பாதிக்குப் பாதி. பல் உடைந்தால், பல்சக்கரம் மட்டும் தனியாகக் கிடைக்கும் ரகங்கள் உண்டு. வாங்கி மாற்றலாம். ஆனால் நடுங்குகிற, சிக்கிக்கொள்கிற சர்வோவை வாலில் வைத்துப் பறக்கவிடாதீர்கள்.

அச்சடிக்கும் எந்திரம் வந்தாச்சு!

இப்போது பிளாஸ்டிக் நூலை உருக்கி, அடுக்கு அடுக்காகப் பாகத்தையே "அச்சடிக்கும்" முப்பரிமாண எந்திரங்கள் வந்துவிட்டன. பொறியியல் கல்லூரிகளில் இவற்றைப் பார்க்கலாம். ஒரு கிலோ நூல் ஆயிரம் ரூபாய் வாக்கில் என்றால், ஒரு கிராம் ஒரு ரூபாய். ஒரு கொம்பு ஒன்றிரண்டு கிராம்தான். வாடகையோடு சேர்த்தாலும் மலிவுதான்.

ஆனால் சாதாரணமாக உபயோகிக்கும் பி.எல்.ஏ. என்ற ரகம் 60 டிகிரிச் சூட்டிலேயே இளகிவிடும். திருச்சி வெயிலில் பூட்டிய காருக்குள் அந்தச் சூடு வருவது கஷ்டமா? மோட்டார் உட்காரும் இடத்துக்கு அதை நம்பாதீர்கள். மோட்டாரும் சூடாகும். காற்றாடியையும் இதில் அச்சடித்து ஓட்ட வேண்டாம்.

பாகம் செய்யத் தெரிந்தவனுக்கு இன்னொரு விதத்திலும் மவுசு இருக்கிறது. 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. ஆராய்ச்சி, ராணுவம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. அதாவது, பாகத்தைக் கோத்துப் பறக்க வைக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே வேலை இருக்கிறது. 2019 ஜனவரியில் தமிழகத்தின் ராணுவத் தொழில் வழித்தடம் தொடங்கிவைக்கப்பட்டதும் திருச்சியில்தான். அதன் ஐந்து மையங்களில் திருச்சியும் ஒன்று.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாவது இடம் பிடித்தது. அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். மாதிரி விமானம் பறக்கவிடுவதில் கைதேர்ந்தவர் அவர். அதே எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், அதற்கு முன்னால் 1954 வரை படித்தது நம்ம ஊர் செயிண்ட் ஜோசப் கல்லூரியில்.

முக்கொம்புக் காற்று

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்" என்பார்கள். அம்மிக்கே அந்தக் கதி என்றால் அரைக்கிலோ விமானம் எம்மாத்திரம்? காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற முக்கொம்பில் அகண்ட வெளியும் மணலும் இருக்கிறது. பார்த்தவுடன் பறக்கவிடத் தோன்றும். ஆனால் பழகுகிறவர்கள் ஆடி மாதத்தில் ஆசைப்பட வேண்டாம். காற்று அடங்கிய விடியற்காலைதான் நல்ல நேரம். மேல்காற்று அடித்தால் விமானம் கிழக்கே போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடிக்கு மேல் பறக்கவிட அனுமதி வேண்டும். இன்னும் நெருங்கினால் கட்டுப்பாடு இன்னும் அதிகம். ஸ்ரீரங்கம் இந்த 12 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். முக்கொம்பு அதற்கு வெளியே. அப்படியும், அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, அங்கே பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். பூங்காவில் கூட்டம் இருக்கும்போதும், கதவணைகளுக்கு மேலேயும் கூடவே கூடாது. பொழுதுபோக்கு விமானம் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதிதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. விமானம் ஆற்றில் விழுந்தால் விட்டுவிடுங்கள். கொள்ளிடத்தில் மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர், காலை வைத்தால் ஆள் ஆழக் குழி. மேலணையில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. மின்சாரக் கம்பியில் மாட்டினாலும் அப்படியே. கழி எடுத்துத் தட்டாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

கொம்பு போனால் ஏ.டி.எம். கார்டு இருக்கிறது. கால் போனால் ஸ்போக் இருக்கிறது. சக்கரம் போனால் செருப்பு இருக்கிறது. பையனுக்கு மட்டும் எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடையாது!